ராயபுரத்தில் இருந்துகொண்டு கிரிமினாலஜி படிப்பது எப்படி

2022-ல் நான் பி.ஏ. கிரிமினாலஜி சேர்ந்தபோது எங்கள் தெரு இரண்டு விதமாகப் பேசியது. "மீன்காரம்மா பொண்ணு போலீஸ் ஆகப் போகுது" என்றார்கள் பாதிப் பேர். எதிர்வீட்டு ஆயா மட்டும், "இதுக்கு எதுக்கும்மா காலேஜு? நம்ம திண்ணையில குந்தினா எல்லாம் தெரியும்" என்றார். மூன்று வருடம் படித்துவிட்டுச் சொல்கிறேன். முதல் கூட்டம் சொன்னது தப்பு. ஆயா சொன்னது பாதி சரி.

அம்மா காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறார். அப்பாவுக்கு ஹார்பரில் லோடு வேலை. வீட்டில் முதல் பட்டதாரி நான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கு இந்தப் பாடத்தைச் சொல்லித் தருகிறேன். ஒவ்வொரு வருடமும் ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அதனால் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சேர்வதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இந்தப் படிப்பு காக்கிச் சட்டைக்கு நேர்வழி கிடையாது. எஸ்.ஐ. தேர்வுக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும். பி.காம். படித்தவரும் நீங்களும் ஒரே ஹாலில்தான் உட்கார்வீர்கள். இரண்டாம் நிலைக் காவலருக்கு அதுகூட வேண்டாம், பத்தாம் வகுப்பே போதும். இன்னொரு பெரிய ஏமாற்றம் தடய அறிவியல். டிவியில் வெள்ளை கோட்டு போட்டு ரத்தத்தைப் பரிசோதிப்பதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அந்த லேபுக்குள் போக வேதியியல், உயிரியல் மாதிரி அறிவியல் பட்டம் வேண்டும். பி.ஏ.வில் தடய அறிவியல் ஒரு பேப்பராக வரும், அவ்வளவுதான். எது எதற்கு உதவும் என்று தெரியாமல் பணம் கட்டாதீர்கள். பாடத்தின் பெயரும் இடத்துக்கு இடம் மாறும்: குற்றவியல் என்பார்கள், குற்றவியலும் காவல் நிர்வாகமும் என்பார்கள், குற்ற நீதி நிர்வாகம் என்பார்கள். பெயரைப் பார்க்காமல் ஆறு செமஸ்டருக்கான சிலபஸைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். சட்டம், உளவியல், சமூகவியல், சிறை நிர்வாகம், பாதிக்கப்பட்டோரியல், புள்ளியியல் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கும். புள்ளியியலைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சராசரியும் சதவீதமும் தெரிந்தால் முக்கால்வாசி தாண்டிவிடலாம்.

சேர்ந்தாயிற்றா? சரி. முதல் வாரமே ஒரு எஃப்.ஐ.ஆரை எடுத்துப் படியுங்கள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எங்கள் வகுப்பில் முதல் செமஸ்டர் முழுக்க "குற்றம் என்றால் என்ன" என்று பக்கம் பக்கமாக எழுதினோம், ஒருவர்கூட ஒரு முதல் தகவல் அறிக்கையைக் கண்ணால் பார்த்ததில்லை. அது எங்கும் பூட்டி வைத்த பொருள் இல்லை. பாலியல் குற்றம் மாதிரியான சில வழக்குகளைத் தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தமிழ்நாடு காவல்துறையின் தளத்தில் பார்க்கலாம். ஒரு சாதாரண செல்போன் திருட்டு, ஒரு அடிதடி, ஒரு விபத்து என்று மூன்றை எடுங்கள். கொலைக்குத் தாவ வேண்டாம், அதற்கு நேரம் இருக்கிறது.

படிக்கும்போது பேனாவும் கையில் இருக்கட்டும். சம்பவம் நடந்த நேரம் ஒரு இடத்தில் இருக்கும், ஸ்டேஷனுக்குத் தகவல் வந்த நேரம் இன்னொரு இடத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? தாமதம் என்றால் காரணம் எழுதியிருக்கிறார்களா? வாதி யார், எதிரி யார்? நம் ஊர்க் காவல் ஏடுகளில் குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்றுதான் எழுதுவார்கள். முதல் தடவை படித்தபோது எனக்கு ராஜா கதை மாதிரி இருந்தது. பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு), மாதிரி வரைபடம், கைப்பற்றுதல், புலன் விசாரணை, பிறழ் சாட்சி (முன்பு சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்பவர்) — இந்தச் சொற்களை எல்லாம் தனியாக ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் தமிழ் எழுத்திலேயே எழுதி வைத்தேன். பரீட்சைக்கும் உதவியது, பின்னால் கோர்ட்டில் உட்கார்ந்தபோதும் உதவியது. ஆங்கில வழியில் படித்தாலும் இந்தத் தமிழ் நோட்டு இல்லாமல் இருக்காதீர்கள். நம் ஊரில் கேஸ் தமிழில் பிறக்கிறது. மேலே போகப் போகத்தான் ஆங்கிலமாகிறது.

அப்புறம் அந்தக் காகிதம் எங்கே போகிறது என்று பின்தொடருங்கள். புகார், ரசீது, எஃப்.ஐ.ஆர்., கைது, ரிமாண்ட், ஜாமீன், குற்றப்பத்திரிகை, விசாரணை, தீர்ப்பு. மூன்று வருடப் பாடமும் இந்த ஒரே கயிற்றில் கோத்ததுதான். ஒவ்வொரு முடிச்சிலும் நிறுத்தி ஒரே கேள்வி கேளுங்கள்: இங்கே யாருக்கு என்ன அதிகாரம், அதை எந்தப் பிரிவு கொடுக்கிறது? இப்படிப் படித்தால் பிரிவு எண்கள் தானாக ஒட்டிக்கொள்ளும். பட்டியலாக மனப்பாடம் செய்தால் பரீட்சை ஹாலிலேயே உதிர்ந்துவிடும்.

எண்கள் என்றதும் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். முதல் இரண்டு வருடம் 302 கொலை, 379 திருட்டு, 420 ஏமாற்று என்று நெட்டுருப் போட்டோம். மூன்றாம் வருடம் தொடங்கிய நேரத்தில், 2024 ஜூலை 1 அன்று, எல்லாம் மாறிப்போனது. 1860-ம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. 511 பிரிவுகள் இருந்த இடத்தில் 358. குற்ற நடைமுறைக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 531 பிரிவுகள். சாட்சியத்துக்கு பாரதிய சாக்ஷிய அதினியம், 170 பிரிவுகள். பெயரை உச்சரிக்கவே எங்களுக்கு ஒரு மாதம் ஆனது.

நான் செய்தது இதுதான். நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்கி, இடது பக்கம் பழைய எண், வலது பக்கம் புதிய எண். 302-க்கு எதிரே 103. 420-க்கு எதிரே 318, உட்பிரிவு 4. 379-க்கு எதிரே 303, உட்பிரிவு 2. குற்ற நடைமுறையில், எஃப்.ஐ.ஆர். போடுவது 154-ல் இருந்து 173-க்குப் போனது. ரிமாண்ட் 167-ல் இருந்து 187. கைது செய்யாமல் நோட்டீஸ் கொடுத்துக் கூப்பிடும் 41ஏ, இப்போது 35-ன் உட்பிரிவு 3. எங்கள் பக்கத்துப் பையன்கள் "110 போட்டுட்டாங்க" என்பார்களே, அந்த நன்னடத்தை பாண்டு இப்போது 129. இடது பக்கம் காலியாக இருக்கும் வரிகளைச் சிவப்பு மையில் எழுதினேன், அவை புதிதாக வந்தவை. பறிப்பு என்ற தனிக் குற்றம், பிரிவு 304, அப்படி ஒன்று. சில சின்னக் குற்றங்களுக்குச் சமூக சேவை என்ற தண்டனையும் புதிது.

பழைய எண்ணை விட்டுவிடலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கூடாது. 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். அந்த வழக்குகள் கோர்ட்டில் இன்னும் பல வருடம் ஓடும். தவிர, நீங்கள் படிக்கப்போகும் நல்ல தீர்ப்புகள் எல்லாம் பழைய எண்ணில்தான் இருக்கின்றன.

தீர்ப்புகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நூறு தீர்ப்பின் பெயரை அடுக்குவதைவிட ஐந்தை முழுதாகப் படிப்பது மேல். இரண்டை நானே சொல்கிறேன். ஒன்று டி.கே. பாசு வழக்கு. கைது செய்யும்போது போலீஸ் பின்பற்ற வேண்டிய 11 விதிகள் அதில் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கண்ணில் படும் இடத்தில் மாட்ட வேண்டும் என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது. அடுத்த முறை ஏதாவது வேலையாக ஸ்டேஷனுக்குப் போனால் சுவரைப் பாருங்கள். இன்னொன்று லலிதா குமாரி வழக்கு, 2013. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று ஐந்து நீதிபதிகள் சொன்னது.

இந்த இரண்டாவது தீர்ப்பு எனக்கு மனப்பாடமானதற்குக் காரணம் என் சொந்தக் கதை. இரண்டாம் வருடம் பஸ்ஸில் என் போனை யாரோ அடித்துவிட்டார்கள். ஸ்டேஷனுக்குப் போனால் ரைட்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "காணாமல் போச்சுன்னு எழுதிக் குடும்மா, சி.எஸ்.ஆர். தரேன், சிம் வாங்கிக்கலாம்" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பிரித்தால் அன்றைய பாடமே அதுதான். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்ததற்கான ரசீது, எஃப்.ஐ.ஆர். அல்ல. 'திருடு போனது' என்று நான் எழுதியிருந்தால் அது ஒரு குற்றம். 'காணாமல் போனது' என்று எழுதியதால் அந்த வருடக் கணக்கில் என் போன் குற்றமாகவே இல்லை.

இதே இடத்தில் நின்றுகொண்டு தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கையைப் படிக்கப் பழகுங்கள். அந்த அமைப்பு 1986-ல் வந்தது. வருடாந்திரக் குற்ற அறிக்கை 1953-ம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. இரண்டு விஷயம் மறக்கக் கூடாது. அதில் இருப்பது பதிவான குற்றம், நடந்த குற்றம் அல்ல. அடுத்து, ஒரே எஃப்.ஐ.ஆரில் கொலையும் கொள்ளையும் இருந்தால், பெரிய குற்றம் எதுவோ அதை மட்டும்தான் எண்ணுவார்கள். ஒரு ஊரில் எண்ணிக்கை கூடினால் குற்றம் கூடியிருக்கலாம். இல்லை, ஸ்டேஷனில் ஒழுங்காகப் புகார் வாங்கத் தொடங்கியிருக்கலாம். இப்படி எழுதுகிற பிள்ளைக்கு எங்கள் மேடம் கேட்காமலே மார்க் போடுவார்.

கோட்பாட்டுப் பேப்பருக்கு வருவோம். குற்றம் ஏன் நடக்கிறது என்று யோசித்தவர்கள் அதில் வரிசையாக வருவார்கள். பெக்காரியா, லொம்ப்ரோசோ, டர்கைம், சதர்லாந்து, மெர்ட்டன், பெக்கர். பெயர்களைக் கேட்டதும் தூக்கம் வரும். அவர்களை ஒவ்வொருவராக நம் தெருவுக்குக் கூட்டி வந்துவிட்டால் வராது.

லொம்ப்ரோசோ 1876-ல் மண்டை ஓட்டையும் தாடையையும் அளந்து 'பிறவிக் குற்றவாளி' என்றார். சிரிக்காதீர்கள். அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1871-ல், இங்கே குற்றப் பரம்பரைச் சட்டம் வந்துவிட்டது. பிறந்த சாதியை வைத்தே ஆளைக் குற்றவாளி ஆக்கிய சட்டம். நம் ஊரில் ரேகைச் சட்டம் என்பார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்கள் சுடப்பட்டார்கள். நாடு முழுக்க அது ஒழிந்தது 1952-ல்தான். பரீட்சையில் லொம்ப்ரோசோ கேள்வி வந்தால் இதை எழுதாமல் வராதீர்கள்.

பெக்கரின் முத்திரை குத்தல் கோட்பாட்டுக்கு நமக்குப் பாடப்புத்தகமே வேண்டாம். இன்டர்வியூவில் "எந்த ஏரியா?" என்று கேட்டு, வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்றதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தடவை 75 கேஸில் (பொது இடத்தில் ரகளை செய்ததாகப் போடும் சின்னக் கேஸ்) ஸ்டேஷனில் உட்கார்ந்த பையனை, அடுத்த தடவை எது நடந்தாலும் முதலில் தேடுகிறார்கள். வேலை கிடைக்காது. வேலை இல்லாதவன் முச்சந்தியில் நிற்பான், நின்றால் மறுபடி சந்தேகக் கேஸ்.

கோஹனும் ஃபெல்சனும் 1979-ல் சொன்ன அன்றாட நடமாட்டக் கோட்பாட்டுக்கு தீபாவளி வாரத்தில் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் போய் நில்லுங்கள். எடுக்க நினைக்கும் ஆள், எடுக்கத் தோதான பை, தடுக்க ஆள் இல்லாத நெரிசல். மூன்றும் ஒரே இடத்தில் கூடும். அதனால்தான் போலீஸ் அங்கே உயரமாகக் கோபுரம் கட்டி மைக்கில் கத்துகிறது.

சதர்லாந்துக்கு எங்கள் வீட்டுக் கதையே இருக்கிறது. தீபாவளிச் சீட்டு பிடித்தவர் ஒரு நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மாவின் பன்னிரண்டாயிரம் போனது, தெருவில் நாற்பது குடும்பத்துக்குப் போனது. ஆனாலும் எங்கள் தெருவில் 'ரவுடி' யார் என்று கேட்டால், செயின் அறுத்த பையனைத்தான் காட்டுவார்கள். சீட்டுக்காரரை இன்றும் 'சார்' என்பார்கள். வெள்ளைக் காலர் குற்றம் என்று 1939-ல் சதர்லாந்து சொன்னதை அம்மாவிடம் விளக்கினேன். "அந்தாளு சட்டை வெள்ளைதான்" என்றார்.

ஆனால் கோட்பாட்டை இழுத்துப் பிடித்துப் பொருத்தாதீர்கள். சிகாகோ நகரத்தை ஆராய்ந்தவர்கள், ஊர் நடுவே ஏழைகள், வெளியே போகப் போக வசதியானவர்கள் என்று வட்டம் வட்டமாக வரைந்திருப்பார்கள். சென்னையில் கூவம், அடையாறு ஓரத்தில் இருந்தவர்களைத் தூக்கி ஊர் ஓரத்தில் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் வைத்தார்கள். வட்டம் உள்வெளியாகத் திரும்பிவிட்டது. இதைச் சொல்லி ஒரு அசைன்மென்ட் எழுதினேன், நல்ல மார்க்.

வெளியே போய்ப் பார்க்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. பீச் ஸ்டேஷனில் இறங்கினால் ஜார்ஜ் டவுன் கோர்ட்டும் ஹைகோர்ட்டும் நடக்கிற தூரம். பொதுவாகக் கோர்ட் திறந்த இடம். ஒரு ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். போனை அணைத்து வையுங்கள், கால் மேல் கால் போடாதீர்கள், காலை பத்தரைக்குள் போய்விடுங்கள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால் வாய்தா என்ற ஒரே சொல்லைத்தான் அதிகம் கேட்பீர்கள். அதுவும் பாடம்தான். எழும்பூரில் பழைய கமிஷனர் ஆபீஸ் கட்டடத்தில் 2021-ல் காவல் அருங்காட்சியகம் திறந்தார்கள், அரை நாளில் பார்த்துவிடலாம்.

புழல் சிறைக்குக் கல்லூரி மூலம் அனுமதி வாங்கிக் கூட்டிப்போனால் கட்டாயம் போங்கள். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த பழைய ஜெயில் 2006-ல்தான் அங்கே மாறியது. 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் 75.8 சதவீதம் விசாரணைக் கைதிகள், அதாவது தீர்ப்பு வராதவர்கள். இந்த எண்ணைப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெளியே மனு பார்க்க, அதாவது உள்ளே இருக்கும் பிள்ளையைச் சந்திக்க, வரிசையில் நிற்கும் அம்மாக்களைப் பார்த்தபோதுதான் உறைத்தது. பாதிப் பேர் கையில் பிஸ்கட் பொட்டலம், எங்கள் தெரு முகங்கள்.

என் கடைசி வருட புராஜெக்ட் அங்கிருந்துதான் வந்தது. முதலில் நாற்பது கேள்வி அச்சடித்துக்கொண்டு கேஸ் உள்ள பையன்களிடம் போனேன். ஒருவனும் வாய் திறக்கவில்லை. ஒருவன் மட்டும், "அக்கா, இதை ஸ்டேஷன்ல குடுப்பியா?" என்றான். அவன் கேட்டது நியாயம். கேள்வித்தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு மனு பார்க்கப் போகும் குடும்பங்களுக்கு ஒரு தடவைக்கு எவ்வளவு செலவாகிறது என்று கேட்டேன். பஸ், அன்றைய கூலி, வக்கீல், ஷூரிட்டி என்கிற ஜாமீன்தாரர். கொட்டித் தீர்த்தார்கள். நீங்களும் ஆளைக் குற்றம் பற்றிக் கேட்காதீர்கள், அவர் நாள் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். பெயர், தெரு, கேஸ் எண் எதையும் எழுதாதீர்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லி, சரி என்றால் மட்டும் பேசுங்கள்.

படிக்க இடம் இல்லை என்பது நம் பக்கத்தில் பெரிய பிரச்சினை. ஒரே அறை, டிவி ஓடும், மேலே பட்டம், கீழே கேரம். எனக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம்தான் கதி. இப்போது கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் இருக்கிறது, பெரம்பூர், வில்லிவாக்கம் பிள்ளைகளுக்கு அது பக்கம்.

முடித்த பிறகு? மூன்று வருட சட்டப் படிப்புக்குப் போகலாம். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகக் குற்றவியல் துறையில் எம்.ஏ. படிக்கலாம். எஸ்.ஐ. தேர்வு எழுதுபவர்கள் முதல் வருடத்திலிருந்தே ஓடத் தொடங்குங்கள், மெரினாவோ காசிமேடு கடற்கரையோ. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேரலாம். பெரிய காசு வராது, ஆனால் இந்தப் படிப்பு உடம்பில் இறங்குவது அங்கேதான். நான் அதைச் செய்துகொண்டேதான் அடுத்ததற்குப் படிக்கிறேன்.

போன மாதம் எதிர்வீட்டு ஆயா ஒரு காகிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். பேரனின் ஜாமீன் உத்தரவு. ஆங்கிலம். தினமும் கண்டிஷன் கையெழுத்துப் போடணும் என்று யாரோ சொல்ல, பையன் வேலை முடிந்து சாயங்காலம் போய்க்கொண்டிருந்தான். ஒரு நாள் ஏடு எடுத்து வருவதாகவும், ஒரு நாள் எஸ்.ஐ. இல்லை என்றும் அலைக்கழித்திருக்கிறார்கள். படித்துப் பார்த்தேன். காலை 10.30 என்று தெளிவாக இருந்தது. இப்படியே போனால் ஜாமீனை ரத்து செய்யக் கேட்பார்கள் ஆயா, இன்றைக்கே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். மறுநாள் காலை ஒன்பதரைக்கே பேரனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆயா தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தார்.